மாத்திரை வரிசையில் ஆண்கள் எங்கே?

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரைக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால், ரத்த அழுத்தம் பெண்களுக்கு மட்டும் வரும் நோய் என்றே தோன்றும். பத்துப் பேர் நின்றால் ஏழெட்டுப் பேர் பெண்கள். ராமநாதபுரம் கடற்கரைக்கு வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

தேசிய குடும்பநல ஆய்வு வேறு கணக்கு சொல்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 வயது தாண்டிய ஆண்களில் 30.2 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் அதிகம், அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். பெண்களில் 24.8 சதவீதம். மாதவிலக்கு நின்றபிறகுதான் பெண்கள் ஆண்களை எட்டிப்பிடிக்கிறார்கள்.

சரி, அந்த ஆண்கள் எங்கே? டீக்கடையில், ஆட்டோ ஸ்டாண்டில், மீன் ஏலக்கூடத்தில். பெண்ணுக்குக் கர்ப்பக் காலத்திலேயே ஒவ்வொரு முறையும் பிபி பார்த்துவிடுகிறோம். ஆணுக்கோ பல நேரம் ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகுதான் முதல் அளவே எடுக்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடிப் போகிறது. ஆனால் தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரத்தில் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை.

ஒருநாள் பிபி மிஷினைத் தூக்கிக்கொண்டு ஏலக்கூடத்துக்கே போனோம். டீ, பீடி முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் அளக்க வேண்டும். அங்கே அப்படி ஓர் ஆளைப் பிடிப்பதே பெரும்பாடு! 38 வயது மீனவர், ஒல்லியான உடம்பு, 180/110. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தோம், மறுநாளும் பார்த்தோம். பெரிதாக இறங்கவில்லை. "உடம்புல ஒண்ணும் பண்ணலியே டாக்டரம்மா" என்றார். ஒன்றும் பண்ணாமல் இருப்பதுதானே இந்த நோயின் வேலை.

"எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு, ரத்தத்துலயே வருது" என்றார் அடுத்து. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை மூன்று இடங்களில் அளந்த ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது: ரத்த அழுத்தம் ஆப்பிரிக்காவில் 16 சதவீதம் பேருக்கு, கரீபியன் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. வம்சம் ஒன்றுதான், வாழும் இடம்தான் வேறு. நம் நாட்டிலேயே சிக்கிம் ஆண்களில் 41.6 சதவீதம் பேருக்கு இருக்கிறது. உப்புப் போட்ட வெண்ணெய் டீயா, மதுவா, மலை வாழ்க்கையா என்று கேட்பார்கள். ஒன்றை மட்டும் கைகாட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கம் கருவாடும் ஊறுகாயும் தட்டில் இருக்கும்போதே சோற்றிலும் உப்புப் போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் அளவு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்.

அடுத்த மாதம் அட்டையோடு வந்தது அவர் மனைவி. "அவுக கடலுக்குப் போயிட்டாக, மாத்திரைய எங்கிட்ட குடுங்க."

வரிசையில் இன்னொரு பெண்! மாத்திரையைக் கொடுத்தேன். அடுத்த முறை ஆளைப் பார்க்காமல் தரமாட்டேன் என்றும் சொல்லியனுப்பினேன். அப்புறம், அந்த அம்மாவையும் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினேன்.