பலகையைக் குறை சொல்லும் முன் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

"அண்ணா, இந்தப் பலகை எனக்கு ஒத்துவரவில்லை. வேறு வாங்கிவிடலாமா?"

சென்னைக்கு அருகே கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகைகளைப் பழுதுபார்ப்பதும் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். இந்தக் கேள்வி என்னிடம் ஓயாமல் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் எழுந்து நிற்கும் கட்டத்தைத் தாண்டி, அலையின் முகப்பில் திரும்பப் பழகிக்கொண்டிருப்பவர்கள். ஒருவர் பலகை திரும்பவே மாட்டேன் என்கிறது என்பார். இன்னொருவர் வால் வழுக்கிக்கொண்டு போகிறது என்பார். நான் பதில் சொல்லாமல் பலகையைக் கவிழ்த்துப் போடுவேன். கோளாறு பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும். ஃபின், அதாவது பலகையின் வால்பக்கத்தில் அடியில் மாட்டும் மீன்துடுப்பு போன்ற தகடு, தவறான இடத்தில் இருக்கும், அல்லது அவருடைய எடைக்குப் பொருந்தாத அளவில் இருக்கும், அல்லது இடமும் வலமும் மாறிப்போயிருக்கும். பெருந்தொகை கொடுத்துப் புதுப் பலகை வாங்கிவிட்டு, அதிலும் அதே தவறான ஃபின்களை மாட்டிக்கொண்டு கடலுக்குள் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஃபின் சுக்கான் அல்ல. படகின் சுக்கான் அசையும், ஃபின் அசையாது. பலகையைத் திருப்புவது நம் பாதமும் உடல் எடையும்தான். பலகை அலைச்சரிவில் குறுக்காக ஓடும்போது நீர் அதைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கிறது. ஃபின் அந்த நீரைச் சற்றுச் சாய்வாக எதிர்கொண்டு பக்கவாட்டு விசை ஒன்றை உண்டாக்குகிறது. அந்தப் பிடிமானத்தின் மீதுதான் நாம் பலகையைச் சாய்த்துத் திருப்புகிறோம். பிடிமானம் குறைந்தால் வால் வழுக்கும். மிகுந்துபோனால் பலகை நேராக ஓடவே விரும்பும். ஃபின் தேர்வு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் நமக்கான இடத்தைத் தேடுவதுதான்.

1935இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் ஹவாய்த் தீவுகளில் தம் பலகையின் அடியில் ஒரு பழைய விசைப்படகின் அடிக்கட்டையைப் பொருத்திப் பார்த்தார். அதுவரை பலகைகள் வெறும் அடிப்பக்கத்தோடுதான் இருந்தன. திருப்ப வேண்டுமென்றால் காலைத் தண்ணீரில் இழுத்தாக வேண்டும். நெடுங்காலம் ஒற்றை ஃபின்தான் வழக்கம். எழுபதுகளின் இறுதியில் இரட்டை ஃபின் பலகை பரவியது. ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் அதில் நின்று 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனார். ஆனால் அதே நாட்டைச் சேர்ந்த சைமன் ஆண்டர்சனுக்கு அது ஒத்துவரவில்லை. அவர் ஆள் பெரியவர். பெரிய அலைகளில் இரட்டை ஃபின் பலகை அவர் காலடியில் வழுக்கியது. 1980இல் அவர் நடுவில் மூன்றாவது ஃபின் ஒன்றைச் சேர்த்து வடிவமைத்தார். அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் கடற்கரையில் நடந்த போட்டியில் பேரலைகளின் நடுவே அந்தப் பலகையில் வென்றார். இன்று நம் கரையில் பார்க்கும் சிறிய பலகைகளில் பெரும்பாலானவை அந்த மூன்று ஃபின் அமைப்பைக் கொண்டவையே. ஓர் உலகச் சாம்பியனுக்குக் கைகொடுத்த ஃபின் அமைப்பு இன்னொரு தேர்ந்த வீரரின் உடலுக்குப் பொருந்தவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எடையிலிருந்து தொடங்குவோம். மூன்று ஃபின் தொகுதிகளைத் தயாரிப்பவர்கள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று எடைக்கேற்பப் பிரித்தே விற்கிறார்கள். ஏறத்தாழ 55 முதல் 70 கிலோ வரை சிறிது, 65 முதல் 80 வரை நடுத்தரம், 75 முதல் 90 வரை பெரிது. எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று படிவதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் மெல்லிய அலைகளுக்குச் சிறியதையும், வலுவான அலைகளுக்குப் பெரியதையும் எடுக்கலாம். என்னிடம் வரும் இளைஞர்கள் பலர் 60 கிலோவைத் தாண்டாதவர்கள். நண்பர் கொடுத்தார், கடையில் அதுதான் இருந்தது என்று பெரிய தொகுதியை மாட்டிக்கொண்டு, பலகை இரும்பாகக் கிடக்கிறது என்கிறார்கள். சிறிய தொகுதியை மாட்டிக் கொடுத்ததும், புதுப் பலகை வாங்கும் பேச்சையே பலர் விட்டுவிட்டார்கள்.

வடிவத்தில் மூன்றைப் பார்த்தால் போதும். அடிப்பகுதி அகலமாக இருந்தால் உந்துதல் கூடும். ஆழம் மிகுந்தால் பிடிமானம் கூடும். நுனி பின்னோக்கி எவ்வளவு வளைந்திருக்கிறதோ அந்த அளவுக்குத் திருப்பம் நீண்டு விரியும். நிமிர்ந்து நிற்கும் ஃபின் சட்டென்று திரும்பும். வளைந்துகொடுக்கும் தன்மையும் முக்கியம்தான். ஆனால் கற்றுக்கொள்ளும் பருவத்தில் கண்ணாடியிழையா, கார்பனா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. அந்த வேறுபாட்டைக் கால் உணர்வதற்கு இன்னும் நாள் ஆகும்.

இனி இடம். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

ஒன்பது அடி நீளப் பலகைகளில் நடுவே ஒரு நீண்ட பள்ளப் பெட்டி இருக்கும். அதில் ஒற்றை ஃபின்னை முன்னும் பின்னும் நகர்த்தலாம். இந்த வசதி இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்காகச் சறுக்குகிறவர்கள் உண்டு. அண்மையில் ஒரு பெண் தம் பலகையைக் கொண்டுவந்தார். அலையில் குறுக்கே போகத் தொடங்கியதும் வால் கரைப்பக்கமாகச் சறுக்கி விழுகிறது என்பது அவர் புகார். கவிழ்த்துப் பார்த்தால், ஃபின் பெட்டியின் முன்விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. திருகாணி பூட்டும் சிறு உலோகத் தகடு மணலோடு சேர்ந்து அங்கேயே இறுகிப்போயிருந்தது. அது எங்கே நின்றதோ அங்கேயே ஃபின்னை மாட்டியிருக்கிறார்கள். பெட்டியை நன்னீரில் கழுவி, ஒரு கம்பியால் மணலைச் சுரண்டி எடுத்து, தகட்டைப் பின்னே தள்ளி, ஃபின்னை நடுவுக்கு நகர்த்தினோம். நகர்ந்தது இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவு. அன்று காலையே அதே பலகையில் அவர் பாறை முனையிலிருந்து கரைவரை வால் வழுக்காமல் வந்து இறங்கினார்.

காரணம் எளியது. ஃபின் பின்னே போகப் போகப் பலகை நேராக, உறுதியாக ஓடும். பிடிமானம் கூடும், திருப்புவதற்கு வலு அதிகம் தேவைப்படும். முன்னே வர வரப் பலகை இலகுவாகத் திரும்பும், வால் எளிதில் நழுவும். பெட்டியின் நடுவில் தொடங்குங்கள். பின்பு ஒரு முறைக்குக் கால் அங்குலம் மட்டும் நகர்த்துங்கள். பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரே நாளில் ஃபின்னையும் மாற்றி இடத்தையும் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்பது புரியாது. நம் கடற்கரையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் நிலத்திலிருந்து வீசும் மேல்காற்று அலையை வழவழவென்று வைத்திருக்கும். முற்பகலில் கடற்காற்று எழுந்ததும் நீர்ப்பரப்பு கலைந்துவிடும். காலையில் ஓர் இடம், நண்பகலில் வேறோர் இடம் என்று ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது காற்றைத்தான். ஒரே காலையில், அடுத்தடுத்துச் செய்து பாருங்கள்.

ஒற்றை ஃபின்னின் அளவுக்குப் பலகை ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற பழைய கணக்கு இன்றும் நன்றாகவே உதவுகிறது. ஒன்பது அடிக்கு ஒன்பது அங்குலம். இருபக்கமும் சிறிய ஃபின்கள் இருந்தால் நடு ஃபின்னை ஏழு அங்குலம் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

சிறிய பலகையில் பெட்டிகளைத் தயாரிப்பாளரே பதித்துவிடுகிறார், நகர்த்த முடியாது. ஆனாலும் அளந்து பார்ப்பது நல்லது. பழைய பலகை வாங்கும்போது கட்டாயம் அளக்க வேண்டும். வால் நுனியிலிருந்து நடு ஃபின்னின் பின்விளிம்புக்கு ஏறத்தாழ மூன்றரை அங்குலமும், இருபக்கமும் உள்ள முன் ஃபின்களின் பின்விளிம்புக்குப் பதினொரு அங்குலமும் இருக்கும். பலகையின் ஓரத்திலிருந்து முன் ஃபின்கள் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே உள்ளே தள்ளி நிற்கும். அவற்றின் முன்விளிம்பு பின்விளிம்பைவிடக் கால் அங்குலம் நடுக்கோட்டை நெருங்கியிருக்கும், நுனிகள் சில டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். இவை சட்டமல்ல, வடிவமைப்பாளர் வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். ஆனால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் அளவு வேறுபட்டால் அது வடிவமைப்பு அல்ல, பழுது. அப்படிப்பட்ட பலகையை வாங்காதீர்கள்.

ஃபின்னை எங்கே வைத்தாலும் பின்னங்கால் அதன் மேலே இல்லையென்றால் பயன் இல்லை. பலகை திரும்பவில்லை என்கிறவர்களின் பாதத்தைப் பார்ப்பேன். பலகையின் நடுவில் ஊன்றியிருக்கும். ஃபின் தொகுதியின் மேல் அந்தக் கால் வந்தாலே பலகை பேச்சைக் கேட்கும்.

மாட்டும்போது நடக்கும் பிழைகளில் எனக்கு மிகவும் பழக்கமானது பக்கம் மாறுவது. பக்க ஃபின்களின் ஒரு முகம் தட்டையாகவும் மறு முகம் வளைந்தும் இருக்கும். தட்டை முகம் பலகையின் நடுக்கோட்டைப் பார்க்க வேண்டும். நடு ஃபின்னுக்கு இரு முகங்களும் ஒன்றுபோல இருக்கும். சந்தையில் அதிகம் கிடைக்கும் எஃப்.சி.எஸ்., ஃபியூச்சர்ஸ் ஆகிய இரண்டு பொருத்தும் முறைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எஃப்.சி.எஸ்.ஸின் பழைய வகை ஃபின்னை அதன் புதிய வகைப் பெட்டியில் துணைத்துண்டு வைத்துத் திருகாணியால் பொருத்தலாம். புதியதைப் பழையதில் பொருத்த முடியாது. வாங்குவதற்கு முன் பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

அதிவேகத்தில் வால் திடீரென்று பிடி விட்டு விலகினால், நீர்ப்பரப்பிலிருந்து காற்று ஃபின்னின் ஓரமாக உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். ஃபின்னின் முன்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கல்லில் பட்ட சிறு வெட்டு ஒன்று இருந்தாலே அதற்குப் போதும். ஓடும்போது "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் கேட்டால் பின்விளிம்பில் சொரசொரப்பு இருக்கலாம், அல்லது ஃபின் தளர்ந்திருக்கலாம். முன்னதற்கு நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் சத்தம் நின்றுவிடும்.

பாதுகாப்பைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பானவன். எங்கள் கரையில் விடுமுறை நாள்களில் ஒரே அலைத்திட்டில் கற்றுக்கொள்கிறவர்களும் குளிக்கிறவர்களும் குழந்தைகளும் கலந்து நிற்கிறார்கள். கூரிய கண்ணாடியிழை ஃபின் தொடையைக் கிழித்தால் தையல் போடுமளவுக்குக் காயமாகும். கற்றுக்கொள்கிற காலத்தில் மென்மையான ஓரம் கொண்ட ஃபின்களையே மாட்டுங்கள். கடினமான ஃபின்தான் கையில் இருந்தால் பின்விளிம்பின் கூர்மையை உப்புத்தாளால் மழுங்கச் செய்யுங்கள். வேகத்தில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. விழுந்து எழும்போது தலையைக் கைகளால் மூடிக்கொண்டு மேலே வாருங்கள், காற்கயிறு இழுபட்டுப் பலகை திரும்பிப் பாயக்கூடும். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். முழங்கால் ஆழம் வருவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள். மணலில் குத்தி உடையும் ஃபின் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதிலேயே என் வேலை நாளில் பெரும்பகுதி போகிறது.

கடலுக்குள் போகும் முன் ஒவ்வொரு ஃபின்னையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். திருகாணிகளை அதற்கான 3/32 அங்குல அறுகோணச் சாவியால் இறுக்குங்கள். தேய்ந்த சாவியைப் பயன்படுத்தினால் திருகாணியின் குழி வட்டமாகிவிடும். பிறகு அதைக் கழற்றுவதே ஒரு வேலையாகிவிடும். அசைவு நின்றதும் போதும். மேலும் முறுக்கினால் பெட்டி விரிசல் விடும். கரையேறியதும் நன்னீரில் கழுவி, அவ்வப்போது திருகாணியைக் கழற்றிச் சிறிது கிரீஸ் தடவிப் பூட்டுங்கள்.

பெட்டியைச் சுற்றி முடிபோல ஒரு கோடு தெரிந்தால் அன்று மீண்டும் தண்ணீரில் இறங்க வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை நீரைக் குடித்துவிடும். பலகையை நிழலில், விரிசல் கீழ்நோக்கி இருக்கும்படி சில நாள் காயவிடுங்கள். வீட்டிலேயே பூசிக்கொள்ளலாம் என்று நினைத்தால், முதலில் உங்கள் பலகை எந்த நுரையால் ஆனது என்று விசாரியுங்கள். தெர்மாகோல் வகை நுரையின் மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் நுரை கரைந்து குழியாகிவிடும். அதற்கு எபாக்ஸி மட்டுமே பூச வேண்டும். எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் எபாக்ஸியையே பூசுங்கள், அது பாலியூரித்தேன், தெர்மாகோல் ஆகிய இரண்டு வகை நுரைக்கும் பொருந்தும்.