கட்டுத்துவக்குக்கு ஆளும் பன்றியும் ஒன்றுதான்

பாலைப்பழக் காலம் தொடங்கிவிட்டது. பழம் பொறுக்கக் காட்டுக்குப் போன ஓர் இளைஞர் கட்டுத்துவக்கில் (பன்றித் தடத்தில் தடியில் கட்டி வைத்து, குறுக்கே இழுத்த நூலில் கால் பட்டதும் தானாக வெடிக்கும் துவக்கில்) அகப்பட்டு எங்கள் சத்திரசிகிச்சை விடுதிக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே காலை அகற்ற வேண்டியதாயிற்று. வன்னியில் வேலை செய்யும் வைத்தியர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் விடுதி வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "டொக்டர், பன்றிக்கு அளவு பார்த்துத்தான் கட்டுறவங்கள். ஆளுக்குப் படாது. தம்பிதான் ஏதோ பிசகி மிதிச்சிட்டான்."

இந்த 'அளவு' கதையை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! சரி, அளவையே பார்ப்போம். பன்றியின் நெஞ்சுக்குக் குறி வைத்தால் குழல் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் நிற்கும். வளர்ந்த ஆளின் முழங்காலும் அதே உயரம்தான். நாலு வயதுப் பிள்ளைக்கு அது இடுப்பு. பழம் பொறுக்கக் குனிந்தவருக்கு முகம். குறியைத் தாழ்த்தினால் கணுக்கால் போகும், உயர்த்தினால் தொடை நாடி, அதாவது பெரிய இரத்தக் குழாய், அறுந்து ஆள் வழியிலேயே முடிந்துவிடுவார். மனிதருக்குப் படாத உயரம் என்று ஒன்று கிடையாது.

அப்புறம், வைத்த குறி வைத்த இடத்தில் நிற்கிறதா? கட்டி வைக்கும் இடியன் துவக்கின் குழலுக்குள், குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் புரி இல்லை. வெடிமருந்தும் சன்னம் என்கிற ஈயக் குண்டுகளும் வாய்ப்பக்கத்தால் கையளவுக்குப் போட்டு இடிப்பவை. அதைக் கையில் பிடித்துச் சுடுகிறவர்கூட ஒரு பலகையில் நாலைந்து தடவை சுட்டுப் பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைத்து, முன்குறியை அராவித்தான் தன் துவக்கை வழிக்குக் கொண்டுவருவார். சுடுவதற்கு முன் எதிரில் நிற்பது யார் என்று பார்க்க அவருக்குக் கண்ணும் இருக்கிறது. கட்டுத்துவக்குக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? ஒரு மழை பெய்தால் தடி சாயும். மாடு உரசினால் குழல் திரும்பும். கட்டியவர் வீட்டில் நித்திரை.

சன்னம் சிதறித்தானே போகும், கொஞ்சம்தான் படும் என்பது இன்னொரு நம்பிக்கை. குழல் வாயிலிருந்து சில அடி தூரத்தில் சன்னம் சிதறுவதில்லை. ஒரே கட்டியாக வந்து எலும்பை நொறுக்குகிறது. அதோடு அடைப்புக்கு இடித்த தென்னந்தும்பும் கந்தல் துணியும் சதைக்குள் போகின்றன. எக்ஸ்றேயில் சன்னம் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், தும்பு தெரியாது. காயத்தை அகலத் திறந்து, விரலால் தடவித்தான் அதைத் தேடி எடுக்கிறோம். விட்டுப்போன ஒரு துண்டு போதும், சீழ் பிடிக்க. ஆனால் உறவினர்கள் கேட்பதெல்லாம், "ஈயம் முழுக்க எடுத்தாச்சா?" என்றுதான். மூட்டுக்குள் இருக்கும் ஈயத்தைக் கட்டாயம் எடுப்போம். தசைக்குள் கிடப்பதைப் பெரும்பாலும் அப்படியே விடுவோம். அதைத் தோண்டினால் சேதம்தான் கூடும்.

முழங்காலுக்குப் பின்னால் ஓடும் நாடி அறுந்தால் ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்த ஓட்டத்தை மீட்க வேண்டும். அந்த நேரத்தைப் பொய் சொல்லித் தொலைக்கிறார்கள். பொலிசுக்குப் பயந்து "கம்பி குத்தினது" என்கிறார்கள். தோட்டத்திலேயே இரவு முழுக்க வைத்திருந்து காலையில் கொண்டுவருகிறார்கள். பொலிசுக்கு நாங்கள் அறிவிக்கத்தான் வேண்டும், அது சட்டம். அதற்காகச் சிகிச்சையை ஒரு நிமிடமும் தள்ளிப்போடுவதில்லை.

வெடி பட்டால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால் மட்டும் காயத்தின் மேலல்ல, அதற்கு மேலே இடுப்புப் பக்கமாக அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிக் கொடுங்கள். காலை ஒரு தடியோடு சேர்த்து அசையாமல் கட்டுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம். தேத்தண்ணீரும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

கச்சானும் மரவள்ளியும் ஒரே இரவில் போவதைக் கண்டவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு பெற வழியிருக்கிறது, கமக்கார அமைப்பினூடாகக் கேளுங்கள். கூட்டாக வேலி போடுங்கள், முறை வைத்துக் காவல் இருங்கள். கட்டுத்துவக்கில் யானையும் சிறுத்தையும்கூடக் கால் போய்ச் சீழ் பிடித்துச் சாகின்றன.

காட்டுக்குப் போகிறவர்களே, பன்றித் தடத்தில் நடக்காதீர்கள். பிள்ளைகளை முன்னால் ஓட விடாதீர்கள். பாதைக்குக் குறுக்கே நூலோ கம்பியோ கண்டால் தொடவோ அறுக்கவோ வேண்டாம். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, பின்னால் வருபவர்களை மறித்து, 119க்குச் சொல்லுங்கள். கட்டி வைத்திருக்கும் ஐயாமாரே, உங்கள் தோட்டத்துக்குப் பின்னால் யாருடைய பிள்ளைகள் பழம் பொறுக்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.