மைண்ட்ஃபுல்னெஸ்: நினைவோடிருத்தல்

பதற்றத்துக்காக மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நாடுவோரின் காதில் இன்று அடிக்கடி விழும் சொல் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’. இப்போது நடப்பதைக் கவனம் தவறாமல் அறிந்திருக்கும் பயிற்சி இது. யோகா வகுப்பு, அலுவலகப் பயிற்சி, கைப்பேசிச் செயலி என எங்கும் புழங்கும் இச்சொல்லைத் தமிழில் ‘மனநிறைவு’ என்றும் ‘நினைவாற்றல்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் பொருந்தாதவை. மனநிறைவு என்பது திருப்தி; நினைவாற்றல் என்பது படித்ததை மறவாமல் எடுத்துச் சொல்லும் திறன். இதை வெறும் சொற்பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. ஏற்கெனவே பதறிக்கொண்டிருக்கும் ஒருவரை ‘மனநிறைவுப் பயிற்சி’ என்று சொல்லி உட்கார வைத்தால், கண்ணை மூடிச் சில நிமிடங்கள் ஆன பிறகும் நெஞ்சு படபடப்பதைக் கண்டு, ‘எனக்கு இது கைவராது’ என்று அவர் எழுந்துவிடுகிறார். பயிற்சி சொல்லாத ஒன்றை அதன் பெயர் சொல்லிவிட்டதால் வரும் ஏமாற்றம் இது.

இச்சொல்லின் வேர் பாலி மொழியின் ‘சதி’, வடமொழியில் ‘ஸ்மிருதி’. இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் நினைத்தல், மறவாதிருத்தல். பௌத்தத்தின் எண்வகை வழியில் ஏழாவதாக வரும் ‘சம்மா சதி’ (நல்ல நினைவு) என்பதை ஆங்கிலத்தில் பெயர்க்க ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற சொல்லை 1881இல் எடுத்தாண்டவர் ரைஸ் டேவிட்ஸ். இலங்கையில் ஆங்கிலேய ஆட்சிப் பணியில் இருந்தபோது பாலி கற்றவர் அவர். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மச்சிம நிகாயத்தின் பத்தாம் உரையாகிய ‘சதிபட்டான சுத்தம்’ இந்த நினைவை உடல், நுகர்ச்சி (இன்ப துன்ப உணர்வு), உள்ளம், உள்ளத்தில் எழும் பொருள்கள் என்னும் நான்கின் மீது நிறுத்தச் சொல்கிறது. நெடிய மூச்சை இழுக்கும்போது நெடிய மூச்சை இழுப்பதாகவும், குறுகிய மூச்சை விடும்போது குறுகிய மூச்சை விடுவதாகவும் அறிந்திருப்பதே அதில் சொல்லப்படும் முதற்படி. மூச்சை மாற்றச் சொல்லவில்லை, ஆழப்படுத்தச் சொல்லவில்லை, அறியத்தான் சொல்கிறது. பாலி நூல்கள் ‘சதி’யைக் கோட்டை வாயிற்காவலனுக்கு ஒப்பிடுகின்றன. வருவோர் போவோரை அவன் முகம் பார்த்து அறிகிறான். அதற்காகத் தன் இடத்தை விட்டு அவர்கள் பின்னால் போவதில்லை.

தமிழில் இதற்குப் பழைய, மிகச் சரியான சொல் ஒன்று இருக்கிறது: கடைப்பிடி. எண்வகை வழியைத் தமிழாக்கியவர்கள் ஏழாவதை ‘நற்கடைப்பிடி’ என்றே எழுதினர். பழைய இலக்கண உரையான இறையனார் களவியல் உரை, அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்னும் நான்கு குணங்களை விளக்கும் இடத்தில், கடைப்பிடி என்பது ‘கொண்ட பொருள் மறவாமை’ என்கிறது. ‘சதி’க்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. திருக்குறளில் ஐம்பத்து நான்காம் அதிகாரமான பொச்சாவாமையும் மறவாமையைப் பற்றியதுதான். அது அரசனின் கடமையை முன்வைத்துச் சொல்லப்பட்டது என்றாலும், ‘உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றுந்தான் உள்ளியது உள்ளப் பெறின்’ என்று முடியும் இடத்தில், எண்ணியதை மறவாமல் எண்ணிக்கொண்டே இருப்பதுதான் அரிது என்ற உண்மை யாருக்கும் பொருந்தும்படி வெளிப்பட்டுவிடுகிறது.

மருத்துவத்துக்குள் இச்சொல் நுழைந்தது 1979இல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின், நாட்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் அவதியுற்றோருக்காக பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். சமயச் சார்பு நீக்கப்பட்ட அந்தப் பயிற்சியில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பதற்கு, நிகழும் கணத்தின் மீது, வேண்டுமென்றே, நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனம் வைத்தல் என்று பொருள். பதற்றக் கோளாறு உள்ள 276 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இப்பயிற்சி, பதற்றத்துக்குத் தரப்படும் எசிட்டலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. மாத்திரை உண்பவர் அதைத் தாமாக நிறுத்திவிடலாம் என்பது இதன் பொருளன்று. அந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

அன்றாடப் பதற்றத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாத்திரம் கழுவும் வேளையில் பார்க்கலாம். கை நீரில் இருக்கும். மனமோ நாளை வரவிருக்கும் பரிசோதனை முடிவில் இருக்கும். ‘என்ன ஆகுமோ’ என்ற எண்ணம் எழுந்ததும் அதனோடு வாதாடாமல், ‘கவலை வந்திருக்கிறது’ என்று அறிந்து, அது உடலில் எங்கே தெரிகிறது, தொண்டையிலா, அடிவயிற்றிலா என்று பார்த்து, பிறகு விரலில் படும் நீரின் குளிர்ச்சிக்கும் சவர்க்காரத்தின் வழுக்கலுக்கும் திரும்ப வேண்டும். அரை நிமிடத்தில் மனம் மறுபடியும் போய்விடும். போனது தெரிந்த அந்தக் கணமே நினைவு வந்த கணம். ஆகவே மனம் அலைவதைத் தோல்வி என்று கருத வேண்டியதில்லை, திரும்புவதே பயிற்சி. கவலை அப்போதே நீங்கிவிடாது. ஆனால் ஒரு கவலை பத்துக் கவலைகளாகப் பெருகும் ஓட்டம் இடையில் அறுபடுகிறது.

அப்படியானால் இன்று எந்தச் சொல்லை ஆள்வது? ‘கடைப்பிடி’ பொருளில் மிகப் பொருத்தமானது. ஆனால் ‘விதிகளைக் கடைப்பிடிக்கவும்’ என்ற புழக்கம் அதை முழுவதும் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘விழிப்புணர்வு’ சாலைப் பாதுகாப்புக்கும் நோய்த் தடுப்புக்குமான பரப்புரைச் சொல்லாகிவிட்டது. ‘ஒருமுகப்படுத்தல்’ வேறு பொருள். அது ‘சமாதி’ எனப்படும் ஆழ்ந்த மன ஒருமைக்கு உரியது. ‘முழுக்கவனம்’ தவறில்லை என்றாலும், மறந்து திரும்புதல் என்ற உயிரான கூறு அதில் இல்லை. என் தேர்வு ‘நினைவு’ என்ற எளிய சொல்லை ஒட்டியது. மயங்கி விழுந்தவரைப் பற்றி ‘நினைவு தப்பியது’, ‘நினைவு திரும்பியது’ என்கிறோம். அங்கே நினைவு என்பது பழைய செய்திகளின் சேமிப்பு அன்று, இப்போது இங்கே இருப்பதை அறிதல். மறவாமை, இப்போது இருப்பதை அறிதல் என ஸ்மிருதிக்கு உள்ள இரு பொருளும் இச்சொல்லிலேயே கூடியிருக்கின்றன. ஆகவே பெயராக ‘நினைவோடிருத்தல்’ எனலாம். வினையாக ‘நினைவோடு நடந்தேன்’, ‘நினைவோடு உண்டாள்’ என்று எழுதலாம். மருத்துவக் குறிப்புகளில் ‘நினைவிருத்தல் பயிற்சி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். பௌத்த நூல்களை மொழிபெயர்க்கும்போது மட்டும் ‘நற்கடைப்பிடி’ என்பதையே வைத்துக்கொள்வது நல்லது.