ஒயிட் கிளவுட்ஸ் மலைகளுக்கு எல்லை வகுத்த கதை

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் காசில் பீக் என்றொரு சிகரம் இருக்கிறது. உயரம் 11,815 அடி. அதன் அடியில், எஃகுக்கு உறுதி சேர்க்கும் மாலிப்டினம் புதைந்திருக்கிறது. 1960களின் இறுதியில் அசார்கோ நிறுவனம் அங்கே திறந்தவெளிச் சுரங்கம் தோண்டத் திட்டமிட்டதும் மாநிலமே இரண்டுபட்டது. சுரங்கத்தை எதிர்த்த செசில் ஆண்ட்ரஸ் 1970-ல் ஆளுநர் தேர்தலில் வென்றார். சுரங்கம் வரவில்லை. ஆனாலும் சிகரத்தைச் சூழ்ந்த ஒயிட் கிளவுட்ஸ் மலைகளுக்கு 'வனாந்தரம்' என்ற உச்சப் பாதுகாப்பு கிடைத்தது 2015-ல்தான்.

இத்தனை தாமதத்துக்குக் காரணம் 1964-ம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்திலேயே இருக்கிறது. மத்திய அரசு நிலத்தை வனாந்தரமாக அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. ஆனால் 1906-ம் ஆண்டுச் சட்டப்படி அதிபர் ஒரே கையெழுத்தில் ஓர் இடத்தைத் 'தேசிய நினைவுச்சின்னம்' என்ற வேறுவகைப் பாதுகாப்புப் பகுதியாக்கிவிடலாம். அப்படி 2016-ல் ஒபாமா அறிவித்த பேர்ஸ் இயர்ஸ் பகுதியை அடுத்த ஆண்டே டிரம்ப் சுமார் 85 சதவீதம் குறைத்தார். 2021-ல் பைடன் அதை மீட்டார். வனாந்தரத்தை இப்படிப் பந்தாட முடியாது. நாடாளுமன்றம் கொடுத்ததை நாடாளுமன்றம்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

வனாந்தரத்துக்குள் சாலை கூடாது என்பது சட்டத்தின் முதுகெலும்பு. இது வெறும் அழகுணர்ச்சி அல்ல. மலைச்சரிவை வெட்டிச் சாலை போட்டால், மண்ணுக்குள் மெல்லக் கசிந்து இறங்கும் நீர் அந்த வெட்டில் வெளியே வந்துவிடுகிறது. சாலையோரமாக ஓடி, நுண்ணிய மண்ணை அரித்துக்கொண்டு ஓடையில் சேர்கிறது. இந்த மலைகளின் நீரைப் பெறும் சால்மன் ஆற்றின் கிழக்குக் கிளைக்கு, பசிபிக் கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வருகின்றன சினூக் சால்மன் மீன்கள். பெண் மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு, மறுபடி கற்களால் மூடுகிறது. கற்களின் இடுக்கு வழியே ஓடும் குளிர்நீர்தான் முட்டைகளுக்கு ஆக்சிஜன் தருகிறது. அந்த இடுக்குகளை வண்டல் அடைத்துவிட்டால் முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். அவ்வளவு தூரம் வந்த தாய்மீனின் பாடெல்லாம் வீண்.

அறிவியல் இத்தனை தெளிவாக இருந்தும் எல்லைக்கோட்டை வரைந்தது பேரம்தான். ஐடஹோ நிலத்தில் 60 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசுடையது. அதை நம்பித்தான் மாடு வளர்ப்போர், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர், வேட்டைக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். குடியரசுக் கட்சி உறுப்பினர் மைக் சிம்ப்சன் இந்த மலைகளை வனாந்தரமாக்க 2004-ல் கொண்டுவந்த மசோதா ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. நாடாளுமன்றம் முடிக்காவிட்டால் அதிபர் நினைவுச்சின்னமாக அறிவித்துவிடுவார் என்ற நிலை வந்தபிறகே எதிர்த்தவர்கள் இறங்கி வந்தார்கள். சுமார் 2,75,000 ஏக்கர், மூன்று வனாந்தரங்களாக அறிவிக்கப்பட்டது. வனாந்தரமாக்கலாமா என்று ஆராய்வதற்காக ஒதுக்கியிருந்த வேறு நிலங்கள், அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. மேய்ச்சல் தொடர்ந்தது. விரும்புவோர் உரிமத்தை விட்டுக்கொடுக்கவும் வழி செய்யப்பட்டது. ஜெர்மானியா, ஃபோர்த் ஆஃப் ஜூலை ஆகிய ஓடைப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்பதற்காக எல்லைக்கோடு அவற்றை விட்டு வளைந்து போகிறது.

மலைச் சைக்கிள் ஓட்டுவோருக்குத்தான் பேரிழப்பு. இயந்திரப் போக்குவரத்துக்கான தடையில் சைக்கிளும் அடங்கும். காசில் டிவைட், ஆண்ட்ஸ் பேசின் என்ற இரண்டு அருமையான பாதைகள் அவர்களுக்கு மூடப்பட்டன. நிர்வாகத்துக்கும் இதே கண்டிப்புதான். பாதையில் மரம் விழுந்தால் மோட்டார் ரம்பம் எடுக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று நீண்ட கைரம்பத்தை இழுக்க வேண்டும். கூரிய பற்கள் மரத்தின் நாரிழைகளை இருபுறமும் அறுக்க, இடையிலுள்ள வேறுவகைப் பற்கள் அவற்றை நீளச் சுருளாக வழித்து வெளியே தள்ளும். உயிர்காக்கும் அவசரம் போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

2016-ல் யூட்டா மாநிலத்து செனட்டர்கள் மைக் லீ, ஆரின் ஹாட்ச் இருவரும், சைக்கிளை அனுமதிப்பதை உள்ளூர் அதிகாரிகளே முடிவு செய்யலாம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறவில்லை. நிறைவேறாததே நல்லது என்பேன். ஒரு விலக்கு தந்தால் அடுத்த விலக்கு வாசலில் நிற்கும். ஆனால் மோட்டார் சைக்கிளுக்காக வளைந்த எல்லைக்கோடு, காசில் டிவைடில் சைக்கிளுக்காகவும் சற்றே வளைந்திருக்கலாம். அதைக் கேட்டிருக்க வேண்டிய இடம் 2015-ன் பேச்சுவார்த்தை மேசை. அங்கே சைக்கிள் ஓட்டுவோரின் குரல் எடுபடாமல் போனது அநியாயம்.