லையபிலிட்டி: இழப்பீட்டுப் பொறுப்பு

செயற்கை நுண்ணறிவு செய்த பிழைக்கு யார் பொறுப்பு என்று தமிழில் கேட்டால் அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடமை தவறியது யார்? நட்டத்தைக் கட்டுவது யார்? பன்னாட்டுச் சட்டத்தில் முதலாவது ரெஸ்பான்சிபிலிட்டி, இரண்டாவது லையபிலிட்டி. சட்டம் தடுக்காத வேலையால் கேடு வந்தாலும் லையபிலிட்டி வரலாம்.

லையபிலிட்டி என்ற சொல், 'கட்டு, பிணை' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நம் 'பொறுப்பு' பொறு என்பதிலிருந்து, அதாவது சுமப்பதிலிருந்து வருகிறது. லையபிலிட்டியைச் சிலர் 'கடப்பாடு' என்கிறார்கள். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்ற குறளில் அது பிறருக்கு உதவும் கடமை. நட்டஈடு கட்டுவது அதில் தொனிக்காது. ராகிக் கொல்லையில் மாடு மேய்ந்தால் மாட்டுக்காரர் தண்டம் கட்டுகிறாரே, அதுதான் இங்கே வேண்டிய பொருள். ஆகவே 'இழப்பீட்டுப் பொறுப்பு' என்பதே சரி என்பேன்.

அரசுகளின் பொறுப்பு பற்றி ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2001இல் விதிகள் வகுத்தது. செயல் அரசுடையதாக இருக்க வேண்டும், பன்னாட்டுக் கடமையை மீறியதாகவும் இருக்க வேண்டும். ராணுவம் அரசின் உறுப்பு. அதன் தானியங்கி ஆயுதம் சட்டத்தை மீறிப் பொதுமக்களைத் தாக்கினால், முடிவெடுத்தது இயந்திரம் என்று அரசு நழுவ முடியாது. தனியார் நிறுவனத்தின் செயல் அப்படித் தானாக அரசின் தலையில் விழாது.

விண்வெளிக்கு வேறு கணக்கு. 1972ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, ஏவிய பொருள் தரையில் சேதம் செய்தால் ஏவிய நாடு கட்ட வேண்டும். தவறை நிரூபிக்கத் தேவையில்லை. இதைத் 'தவறு பாரா இழப்பீட்டுப் பொறுப்பு' எனலாம். 1978இல் சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் கனடாவில் விழுந்தது. கனடா இந்த உடன்படிக்கையைக் காட்டிக் கேட்டது. 1981இல் 30 லட்சம் கனடா டாலர் கிடைத்தது.

செயற்கை நுண்ணறிவுக்கு அப்படியோர் உலக உடன்படிக்கை இல்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன்வேயரில் உருண்டு வரும் தோத்தாபுரியைக் கேமரா பார்த்துத் தரம் பிரிக்கிறது. காம்புப் பக்கத்து அழுகலை அது நல்ல பழம் என்று விட்டுவிட, கூழ் கெட்டு, கப்பலேறிய சரக்கு திரும்பி வருகிறது. வாங்கியவர் முதலில் பிடிப்பது ஆலைக்காரரைத்தான். அப்புறம் அவர் இயந்திரம் விற்றவரிடம் போகிறார். அவரோ மென்பொருள் செய்த அயல்நாட்டு நிறுவனத்தைக் காட்டுகிறார். எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் என்பது ஒப்பந்தத்தில் எழுதியதைப் பொறுத்தது. சிறிய ஆலைக்காரர் கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் படித்தே ஆக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் பொருள் குறைபாட்டுச் சட்டத்தில் மென்பொருளையும் 'பொருள்' ஆக்கியது. செயற்கை நுண்ணறிவும் அதில் அடக்கம். ஆனால் அது தனி மனிதருக்கு நேர்ந்த சேதத்துக்கானது. ஆலையின் வியாபார நட்டத்துக்கு உதவாது.