சத்தம் வராத அழுகை

பர்மாவில் பெகு பக்கம், வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தமிழ் ஊரில் இரண்டு மாதக் குழந்தை ஒன்று அழுவதைப் பார்த்தேன். வாய் திறந்திருக்கிறது, முகம் சிவந்து சுருங்குகிறது, காலை உதைக்கிறது. தொண்டையிலிருந்து மட்டும் சத்தமே வரவில்லை. இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை, குடித்த கொஞ்சத்தையும் கக்கிவிடுகிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது. வீட்டில் சளிதான் தொண்டையைக் கட்டிவிட்டது என்று நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவள் எங்கள் கிறிஸ்தவ சபையின் வாலிபர் குழுவைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண். நான்கு நாள் பயிற்சிதான் அவளுக்கு. "சயாமா, சத்தம் வராம அழுதா ஒரு ராத்திரிகூட வச்சிருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். இங்கே டீச்சரையும் நர்ஸையும் பர்மியர்கள் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள், நம் பிள்ளைகளுக்கும் அதுவே பழகிவிட்டது. தாயையும் பிள்ளையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தயாமின் ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை அழுத அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டு அதன் தாயும் அழுதாள், நானும் அழுதேன்.

இதற்குப் பெயர் பெரிபெரி. உடம்பில் தயாமின் என்கிற பி1 சத்து தீர்ந்துபோவதால் வருவது. தாய்க்கு அந்தச் சத்து இல்லையென்றால் தாய்ப்பாலிலும் இருக்காது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதப் பிள்ளைகளைத்தான் பிடிக்கும், அதுவும் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையையே திடீரென்று பிடிக்கும். குரல் கம்மும், இதயம் தளரும், சில மணி நேரத்தில்கூட உயிர் போகலாம். நேரத்துக்கு ஊசி போட்டால் அதே சில மணி நேரத்தில் தேறிவிடும். பர்மாவில் கைக்குழந்தைகள் சாவதற்கு ஒரு காரணமாகச் சுகாதாரத் துறையே இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பி1 மாத்திரை கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எத்தனையோ ஊர்களில் மாத்திரையைக் கொண்டுவரும் ஆளே இல்லை.

சத்து ஏன் குறைகிறது? தீட்டிய வெள்ளை அரிசி முதல் காரணம். தவிட்டோடு பி1 போய்விடும். மிச்சத்தை நாம் மூன்று நான்கு தரம் களைந்து ஊற்றுகிறோம், சோறு வெந்ததும் கஞ்சியை வடித்துக் கொட்டுகிறோம். சாப்பிட்ட கையோடு வெற்றிலை பாக்கு, பால் இல்லாத சாயத் தேத்தண்ணீர். இவற்றின் துவர்ப்பும் இருக்கிற பி1-ஐக் கெடுக்கும். ஙப்பி என்கிற புளித்த மீன் விழுதைக் கொதிக்க வைக்காமல் தொட்டுக்கொண்டாலும் அப்படித்தான். இத்தனைக்கும் மேலே வருவது பத்தியம். பயறு வாயு, கடலை பித்தம், முட்டை சேராது என்று நாற்பது நாளைக்குப் பிள்ளை பெற்றவளுக்குச் சோறும் கருவாடும் பூண்டும்தான். நம் ஊர்ப் பத்தியத்தோடு பர்மிய வீட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டதால் இங்கே தட்டில் விழுவது இன்னும் குறைவு.

இதில் எனக்கு மனசு தாங்காத ஒரு சங்கதி உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் மலாயாவில் சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது தமிழ்த் தொழிலாளிகளுக்கு அது அநேகமாக வரவில்லை. அங்கே டாக்டராக இருந்த ப்ராடன் அதைக் கவனித்து 1907-இல் புத்தகமாகவே எழுதினார். காரணம், நம் ஆட்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. பர்மா ஆலைகளில் நெல் அவித்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மூட்டை ஏற்றிய கூலிகளில் நம் பாட்டன்மாரும் உண்டு. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் வீட்டில் புழுங்கல் அரிசியே கிடையாது.

சரி, இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஆரம்பத்தில் நான் செய்தது தப்பு. இளம் தாய்மார்களை மட்டும் உட்காரவைத்துப் படம் காட்டிப் பேசினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஒருத்தியும் ஒரு பிடி பயறு கூடுதலாகச் சாப்பிடவில்லை. எப்படிச் சாப்பிடுவாள்? உலை வைப்பது அவள் இல்லையே, மாமியார். அப்புறம்தான் கிழவிகளைக் கூப்பிட்டோம். வீட்டில் அரிசி அளக்கும் பால் டின்னில் ஒரு டின் அரிசி எடுத்து வரச் சொன்னோம். கோவில் வேப்பமரத்தடியில் பேசின் வைத்து, வழக்கம்போல் களையச் சொன்னோம். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று தனித்தனிக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி வரிசையாக வைத்தாள் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண். "இதுல எதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், எதைச் சாக்கடைக்குக் கொடுக்கலாம் அப்பத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

முன்வரிசையில் இருந்த ஓர் அப்பத்தா, "எங்க ஆத்தா எனக்கு இப்படித்தான் பத்தியம் போட்டா, நான் ஆறு பெத்தேன்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "ரெண்டு தங்கல. ரெண்டும் மூணாம் மாசம். தொண்டை அடைச்சுப் போச்சுன்னு சொன்னாங்க" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் பாடம் எதுவும் நடத்தவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தியத்தை விடச் சொல்லி நாங்கள் ஒருநாளும் கேட்பதில்லை. பூண்டும் கருவாடும் இருக்கட்டும். கூட, வறுத்த பாசிப்பயறு போட்ட கஞ்சி, ஒரு பிடி வேர்க்கடலை, அல்லது எள்ளுருண்டை. பன்றி இறைச்சி உண்ணும் வீடு என்றால் அதில் பி1 நிறையவே உண்டு. அரிசியை ஒரு தரம் களைந்தால் போதும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் தாய்க்குக் குடிக்கக் கொடுக்கலாம். வெற்றிலையைப் பிள்ளை பால் மறக்கும்வரை தள்ளிவைத்தால் நல்லது. பாசிப்பயறு வாயு இல்லை என்று கிழவிகளே ஒத்துக்கொண்டார்கள், அந்த வழியாகத்தான் நாங்கள் உள்ளே நுழைந்தோம்.

எங்களோடு வரும் சபைப் பிள்ளைகளிடம் சில விஷயங்களில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஊசியைத் தொடக் கூடாது. ஜெபம் பண்ணினால் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்ற சொல் வாயில் வரக் கூடாது. வகுப்புக்கு வருகிறவர் அம்மன் கோவிலுக்குப் போகிறாரா, மாதாவைக் கும்பிடுகிறாரா, புத்த மடத்துக்குப் போகிறாரா என்று கேட்கவே கூடாது. நாங்கள் தங்கும் வீட்டில் விடியற்காலையில் ஜெபிக்கிறோம், அதோடு தெருவில் இறங்குகிறோம். எங்களை அனுப்புவது விசுவாசம்தான். ஆனால் ஒரு தாய் பயந்து நிற்கும் நேரத்தை ஆள் சேர்க்கப் பயன்படுத்தினால் நாங்கள் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லத் தகுதியில்லாதவர்கள்.

மருந்துப் பெட்டியோடு வந்து, வரிசையில் நிற்கவைத்து சத்து மாத்திரை கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் நல்ல மனசை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் உடம்பில் பி1 இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தங்காது. குழு போன மறுமாதம் பிறக்கும் பிள்ளைக்கு யார்? இதே கேள்வியைத் திருச்சபைகள் முன்பே கேட்டிருக்கின்றன. மிஷன் பணமெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போனால் கிராமத்துக்கு என்ன மிச்சம் என்று யோசித்துத்தான் 1968-இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கீழ் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் உருவானது. 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் பணி தொடங்கிய டாக்டர்கள் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கிக் காட்டினார்கள். 1978-இல் சோவியத் கஜகஸ்தானின் ஆல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது இப்படிப்பட்ட அனுபவங்களும் அதற்குப் பின்னால் இருந்தன.

போன அறுவடைக்குப் பிறகு அந்த ஊருக்கு மறுபடி போனேன். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்த அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டு மருமகளின் மாமியாரோடு வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் நிறைமாதம். அப்பத்தாவின் மடியில் ஒரு பால் டின், அதன் வாய் நிறைய வறுத்த பாசிப்பயறு. என்னைப் பார்த்ததும் டின்னை உயர்த்திக் காட்டி, "சயாமா, நீ வந்து சொல்லு, எவ்வளவு போடணும்னு இவ கேக்குறா" என்றார்.