பொங்கலுக்கு உட்கார்ந்தான், ஆடியில் பேசினாள்: பிள்ளை வளர்ச்சியை எழுதிவைப்பது பற்றி

"தானா உட்கார ஆரம்பிச்சது எப்போ?" என்று கேட்டால், எங்கள் ஊர்ப் பக்கம் எந்த அம்மாவும் மாதக் கணக்கில் பதில் சொல்வதில்லை. "தீபாவளிக்குத் தலைகாணி முட்டுக்கொடுத்து உட்கார வெச்சோம் டாக்டர், பொங்கலுக்கு அவனாவே உட்கார்ந்துட்டான்" என்பார்கள். பிறந்த தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வது என் வேலை. மே மாதம் பிறந்த பிள்ளை என்றால் பொங்கலுக்கு எட்டு மாதம், அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். பிப்ரவரியில் பிறந்தது என்றால் பதினோரு மாதம். அங்கே நின்று, கழுத்து எப்போது நின்றது, பிறந்தவுடன் அழுததா, மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்களா என்றெல்லாம் கேட்க வேண்டியிருக்கும்.

பண்டிகைக் கணக்கு ஒன்றும் மோசமான கணக்கு இல்லை. தலைப்பிள்ளைக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. குப்புற விழுந்தால் தேங்காய் உடைத்து, வாசற்படி தாண்டினால் கொழுக்கட்டை செய்து கொண்டாடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த நாளை யாரும் மறப்பதில்லை. சிக்கல் இரண்டாவது பிள்ளைக்குத்தான். மூத்ததை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கும் அம்மாவுக்கு, "தவழ்ந்தது இவளா, பெரியவனா?" என்றே குழம்பிவிடும். யாரையும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் எழுதிவைக்கச் சொல்கிறேன்.

எழுத இடம் தேட வேண்டாம். கர்ப்பம் பதிவு செய்தபோதே நர்ஸம்மா கொடுத்த தாய் சேய் நல அட்டை பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். ஊசி போடும் நாளில் மட்டும் வெளியே வரும். தடுப்பூசிப் பக்கம் மடிந்து கசங்கியிருக்க, எடைக் கோடு போட வேண்டிய பக்கம் புதுக் கருக்கு அழியாமல் இருப்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று படம் போட்ட பக்கங்களும் அதே அட்டையில் உண்டு. அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், அப்பாக்கள் அம்மாக்களைப் பார்ப்பார்கள்.

ஓர் அம்மா அட்டையோடு மாதக் காலண்டர் தாள்களையும் சுருட்டி எடுத்து வந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, சீட்டுப் பணம் கட்டிய நாள், இவற்றுக்கு நடுவே பொடி எழுத்தில் பாப்பாவின் சங்கதிகள்: 'எடை 6.9', 'பேதி, 3 நாள்', 'பாபாபா சொன்னா'. ஏழாவது மாதத்தில் அந்தப் 'பாபாபா' அடிக்கடி வந்தது. அடுத்த மாதம் ஒரே ஒரு முறை. அதற்கப்புறம் உட்கார்ந்தாள், நின்றாள், பல் வந்தது என்று எல்லாம் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. வீட்டில், "அமைதியான பொண்ணு, தொந்தரவே இல்லை" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. காது கேளாத குழந்தைகளும் முதல் சில மாதங்கள் எல்லாக் குழந்தைகளையும் போலக் குரல் எழுப்பும். தன் குரலே தனக்குக் கேட்காததால் அது மெல்ல அடங்கிவிடும். கேட்கும் திறன் பரிசோதனையில் இரண்டு காதிலும் குறைபாடு தெரிந்தது. ஆறு வயதுக்குள் இருந்தால், உள்காதில் கருவி பொருத்திக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே கிடைக்கும். ஆனால் பேச்சு வருவதற்கு ஆறு வயது தாமதம்தான்; ஒவ்வொரு மாதமும் கணக்கு. அந்தக் குழந்தைக்கு மாதங்களை மிச்சப்படுத்தியது அந்தக் காலண்டர்.

எடைக்கு வருவோம். என்னிடம் வரும் கவலைகளில் பாதி இதுதான். எதிர் வீட்டுப் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும், நம் பிள்ளை ஒல்லியாக இருக்கும், விசேஷ வீட்டில் யாராவது "என்ன இப்படி இளைச்சுக் கிடக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். அடுத்த நாளே விளம்பரத்தில் பார்த்த டப்பா மாவு வீட்டுக்கு வந்துவிடும்.

அட்டையில் இருக்கும் கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டவை. ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கினார்கள். டெல்லிக் குழந்தைகளும் அதில் அடக்கம். ஒரு வயது ஆண் குழந்தைக்கு நடுக்கோடு 9.6 கிலோ, கீழ் எல்லை 7.7. பெண் குழந்தைக்கு 8.9, 7.0. இப்போது இரண்டு பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பையன் ஆறு மாதத்தில் 6.5, ஒன்பதில் 7.2, ஒரு வயதில் 7.8. எப்போதும் கீழ்க்கோட்டை ஒட்டியே போகிறான், ஆனால் கோடு ஏறுகிறது. அப்பா அம்மா இருவரும் சிறுத்த உடல்வாகு, பிள்ளை துருதுருவென்று இருக்கிறான். இவனை மாதாமாதம் நிறுத்துப் பார்த்தால் போதும். இரண்டாவது பையன் ஆறு மாதத்தில் 8.0, ஒன்பதில் 8.1, ஒரு வயதில் 8.2. இன்றைக்கு இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் இவன்தான் எடை அதிகம்; அட்டையில் இன்னும் பச்சைப் பகுதியில்தான் இருக்கிறான். ஆனால் ஆறு மாதத்தில் ஏறியது வெறும் இருநூறு கிராம். நான் கவலைப்படுவது இவனைப் பற்றி. ஒரே ஒரு நாள் எடையை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

இரண்டாவது பையன் மாதிரி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால்?" ஒரு வயதுப் பிள்ளைக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது. பாலில் இரும்புச் சத்தும் மிகக் குறைவு. இரத்தசோகை வரும், பசி இன்னும் மந்தமாகும், "சாப்பிடவே மாட்டேங்கிறான், பாலாவது குடிக்கட்டும்" என்று இன்னொரு டம்ளர் போகும். பாலைக் குறைத்து, பருப்பு சாதத்தில் நெய் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, முட்டை, கீரை, அங்கன்வாடி சத்துமாவு என்று கொடுக்க ஆரம்பித்தால் பல பிள்ளைகள் டானிக் இல்லாமலே தேறிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அரசு தரும் இரும்புச் சத்து சிரப்பை வாங்கி ஷெல்ஃபில் வைத்துவிடாதீர்கள், வாரம் இரண்டு முறை ஒரு மில்லி கொடுங்கள்.

ஒரு வயதுக்கு மேல் எடை ஏறும் வேகம் இயல்பாகவே குறையும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு ஆகும். நான்கு மடங்காக இரண்டு வயது வரை காத்திருக்க வேண்டும். அப்புறம், முடிந்தவரை ஒரே தராசில் நிறுத்துங்கள், நனைந்த டயப்பரைக் கழற்றிவிட்டு. வெள்ளிக் கொலுசுக்காக யாரும் சண்டை போட வேண்டாம். அது எடையை ஒன்றும் செய்யாது.

எடை ஏறுகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

கை கால் வளர்ச்சியில் இயற்கை தாராளமாகவே இடம் கொடுக்கிறது. தானாக உட்கார ஒன்பது மாதம் வரை, தானாக நடக்கப் பதினெட்டு மாதம் வரை பார்க்கலாம். சில பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடும், அதில் தப்பில்லை. (வாக்கர் வண்டி வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருண்டு விழத்தான் உதவும். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனைக்குத் தடை விதித்துவிட்டார்கள்.) பேச்சு, பார்வை, பழகுதல் விஷயத்தில் நான் இவ்வளவு தாராளம் காட்டமாட்டேன். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஒரு வயதுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், டாட்டா காட்ட வேண்டும், பொருள் இல்லாவிட்டாலும் மழலையாக எதையாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றரை வயதுக்குள் சில வார்த்தைகளாவது வர வேண்டும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர வேண்டும்.

விரல் நீட்டுவது ஏன் முக்கியம்? பிஸ்கட் வேண்டும் என்று டப்பாவைக் காட்டுவது ஒரு வகை. வானத்தில் போகும் விமானத்தைக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொரு வகை. அதில் பிள்ளைக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை. தான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பேச்சும் உறவும் அங்கிருந்துதான் முளைக்கின்றன. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் செங்கீரை, சப்பாணி, வருகை என்று வரிசையாகச் சொல்லி, நடை வந்த பிள்ளைக்கு அம்புலிப் பருவத்தை வைத்தார்கள். நிலாவைக் காட்டி 'வா' என்று அழைக்கும் பருவம். இன்றைக்கு ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் நாங்கள் சோதித்துப் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதான். மாடியில் நின்று நிலா காட்டிச் சோறு ஊட்டியபோது இந்தச் சோதனை தினமும் ராத்திரி தானாகவே நடந்தது. இப்போது சோறு செல்போனோடு ஊட்டப்படுகிறது. திரையைப் பார்க்கும் பிள்ளை யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை, அதனால் காட்டாமல் இருப்பதும் யார் கண்ணிலும் படுவதில்லை. இரண்டு வயது வரை செல்போன் வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேச்சு வரவில்லை என்று அம்மா வாயைத் திறந்தால், "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காது கேட்கிறதா என்று பார்க்காமல் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. அதை முடித்துவிட்டு வேண்டுமானால் காத்திருங்கள்.

காத்திருக்கவே கூடாதவை சில உண்டு. வந்த திறமை போய்விடுவது: பத்து வார்த்தை பேசியது பேச்சை நிறுத்துவது, உட்கார்ந்தது சரிவது. ஒன்றரை வயதுக்குள்ளேயே எல்லாவற்றுக்கும் ஒரே கையை நீட்டுவது. 'இடதுகைக்காரன்' என்று சிரித்துவிட்டுப் போகாமல், மறு கையில் பலவீனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிவது. கண்ணுக்குள் கட்டியோ புரையோ இருக்கலாம், அதே வாரம் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். இவற்றில் பலவற்றை வீட்டில் முதலில் பார்ப்பவர் அம்மா. "ஒண்ணும் இருக்காது" என்று அவரை அடக்குகிற வீடுகள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு கணக்கு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், வளர்ச்சியைப் பார்க்கும்போது இரண்டு வயது வரை அந்த இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். எட்டு மாதப் பிள்ளையிடம் ஆறு மாதப் பிள்ளையின் வேலையை எதிர்பார்த்தால் போதும். தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது. பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. பலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டு ஊசியைத் தள்ளிப்போடுகிறார்கள்.

தடுப்பூசி பற்றி ஒன்றே ஒன்று. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளையும் ஒன்பதாவது மாத ஊசியையும் யாரும் விடுவதில்லை. 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு பூஸ்டரும்தான் விட்டுப்போகின்றன. பிள்ளை ஓட ஆரம்பித்துவிட்டது, அட்டை பீரோவுக்குள் போய்விட்டது. விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போய்க் கேளுங்கள்.

வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். அவர்கள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, கேட்கும் திறன் பரிசோதனை எல்லாம் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். போகும்போது அட்டையையும், பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் காகிதத்தையும், வீட்டில் எழுதிவைத்த காலண்டரோ நோட்டோ எதுவானாலும் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வீட்டில் விளையாடும்போது இரண்டு நிமிட வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. டாக்டரைப் பார்த்ததும் அம்மா தோளில் முகம் புதைத்துக்கொள்ளும் பிள்ளையிடம் எங்களால் எதையும் பார்க்க முடியாது. தூங்கி எழுந்து, சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்துக் கூட்டிவாருங்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் கையில் வைத்திருங்கள், அதை வைத்தே பாதிச் சோதனையை முடித்துவிடுவோம்.